துரைக்குக் கொஞ்சம் வெயில்

அபிராமத்துக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகிற கடைசி ஊரில் இருளாண்டி என்று ஒரு மிளகாய்ச் சம்சாரி இருக்கிறார். குண்டு மிளகாய் போட்டு, களத்தில் காயவைத்து, வத்தலாக்கிப் பரமக்குடிக்கு ஏற்றுகிறவர். ஊரில் போய் அவரைப் பற்றி விசாரித்தால் முதலில் அவர் கோபத்தைச் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வழி சொல்வார்கள். மழை பெய்தால் மழையைத் திட்டுவார், பெய்யாவிட்டால் மேகத்தைத் திட்டுவார். வெயிலை மட்டும் அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. வத்தலுக்கு நிறம் கொடுப்பது வெயில், வீட்டுக்குச் சோறு போடுவது வத்தல் என்று அதன்மேல் அவருக்கு ஒரு தனி மரியாதை.

அப்பேர்ப்பட்ட மனிதர், பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரமானால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் வத்தல் கொட்டகைக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பார். மகன் பிரபாகரன் வளைகுடாவிலிருந்து, வேலையில் டீக்கு விடுகிற இடைவேளையில் கூப்பிடுகிற நேரம் அது. போன் அடித்ததும் உடனே எடுக்கவும் மாட்டார். காத்துக்கிடந்தது தெரிந்துவிடுமாம். நாலு தடவை அடிக்கவிட்டு, ஏதோ வேலைக்கு நடுவில் எடுக்கிறவர் போல எடுப்பார்.

"லைட் எரியுதாய்யா?" என்பான் மகன்.

"எரியுது, எரியுது."

"துரை சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரு."

"கொஞ்சம் காமிங்களேன்."

இருளாண்டி கொட்டகைக்குள் போய்ப் போனைத் திருப்பிப் பிடிப்பார். கண்ணாடித் தொட்டிக்குள், கல்லின் மேல், ஒரு சின்னத் தட்டு அகலத்துக்குத் துரை உட்கார்ந்திருப்பார். பச்சை ஓடு. கன்னத்தில் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. துரை என்பது ஒரு ஆமை.

அப்பனும் மகனும் பேசிக்கொள்வது இவ்வளவுதான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வேலை எப்படி என்று மற்ற வீடுகளில் கேட்கிற கேள்வி எதுவும் இந்த வீட்டில் கிடையாது. ஆமையைப் பற்றிப் பேசி முடித்ததும் பேச்சு அறுந்துவிடும். பிறகு போன் பூமயில் கைக்குப் போகும். பெற்றவள், அவளுக்குப் பேச ஆயிரம் இருக்கும். ஆனால் மகன் முதலில் கூப்பிடுவது அய்யா நம்பருக்குத்தான். அது ஆமைக்காகத்தான் என்று இருளாண்டிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

இதற்கு முந்தின வெயில் காலத்தில் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். பிரபாகரன் சென்னையில் ஒரு கம்பெனியில் ஏசி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனியை மூடிவிட்டார்கள். பெட்டியோடும் கண்ணாடித் தொட்டியோடும் ஊருக்கு வந்தான். சரி, நம்மோடு மிளகாய் பார்க்கட்டும் என்று இருளாண்டி மனசுக்குள் சந்தோஷப்பட்டார். வெளியே காட்டுவாரா? காட்ட மாட்டார். பங்குனி வெயிலில் மிளகாய்ப் பழம் பறிக்க விட்டார், களத்தில் வத்தல் கிண்டவிட்டார். பையனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒரு நாள் கண்ணை இருட்டிக்கொண்டு வர, களத்து ஓரத்தில் தார்ப்பாயை இழுத்துக் குச்சியில் மாட்டி, அதற்கடியில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கேதான் வந்தது வினை. அந்த ஊர்க் களத்தில் நிழல் என்பதே ஆகாது. களத்தைச் சுற்றி ஒரு வேப்பங்கன்று தலை தூக்கினாலும் பிடுங்கிவிடுவார்கள். நிழல் விழுந்த இடத்தில் வத்தல் வெளுத்துப் போகும், வெளுத்த வத்தலை வியாபாரி காலால் தள்ளிவிட்டுப் போவான். குடை பிடித்துக்கொண்டு களத்துக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். பொட்டு வெயில் மறைந்தாலும் சண்டைக்கு வருகிற ஊர் அது. அந்தக் களத்தில், ஊரே பார்க்க, இருளாண்டி மகன் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

இருளாண்டி வந்தார், தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்தார். "வெயிலுக்குப் பயந்த பயலுக்கு இந்த ஊர்ல சோறு கெடையாதுலே. எங்கன நெழல் இருக்கோ அங்கன போய்ப் பொழச்சுக்க" என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரபாகரன் ஆடி பிறப்பதற்குள் வளைகுடாவில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டான். போகும்போது அம்மாவிடம் அழுதான். அய்யாவிடம் வந்து, "துரையை மட்டும் பாத்துக்கங்கய்யா. லைட்டை மட்டும் அணையாமப் பாத்துக்கங்க. பகல்ல எரியணும், ராத்திரி அமத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் பஸ் ஏறிய மறுநாளே பூமயில் தொட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆமை நுழைந்த வீடு விளங்காது என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். மகன் இருந்தவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். "இது வந்த நேரம்தான் எம்புள்ள கடல் தாண்டிப் போனான். கொண்டுபோயி கண்மாயில விடுங்க" என்றாள். இருளாண்டி, "ஆமை என்னடி பண்ணும், போனது என் வாயால" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வத்தல் மூட்டை அடுக்குகிற கொட்டகையில் வைத்தார். வெளிச்சம் பட்டால் மூட்டையில் நிறம் போய்விடும் என்று ஜன்னலே இல்லாமல் கட்டிய கொட்டகை. ஆமைக்கும் அது நல்ல இடம்தான் என்று நினைத்தார். யார் கண்ணிலும் படாதே.

மகன் வைத்துவிட்டுப் போன விளக்கு நீளமாக, லேசாக ஊதா அடித்துக்கொண்டு எரியும். இருளாண்டிக்கு அதைக் கண்டாலே இளக்காரம். கையை வைத்தால் சூடு இல்லை, பேப்பர் படிக்க வெளிச்சம் இல்லை, இது என்ன விளக்கு? இருந்தாலும் மகன் சொன்னபடி காலையில் போட்டு, பொழுது சாய்ந்ததும் மகனுக்குக் காட்டிவிட்டு அணைத்தார். கார்த்திகை மழையில் ஒரு நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் ஊரில் பாதி டிவி போனது. அந்த விளக்கும் போனது.

அபிராமத்துக் கடையில் கேட்டார். அப்படி ஒரு விளக்கைக் கடைக்காரர் கண்ணால் பார்த்ததில்லை. "ஆமைக்குத்தானே? கதகதப்பா இருந்தாப் போதாதா?" என்று ஒரு குண்டு பல்பை எடுத்துக் கொடுத்தார். இருளாண்டிக்கும் அது நியாயமாகப் பட்டது. முட்டை பொரிந்து வந்த கோழிக்குஞ்சைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, உள்ளே குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, ராவும் பகலும் அணைக்காமல் எரியவிட்டால் ஒரு குஞ்சுகூடச் சாகாது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். குஞ்சைக் காப்பாற்றுகிற பல்பு ஆமையைக் காப்பாற்றாதா? மார்கழிப் பனி வேறு. ராத்திரி அணைக்கச் சொன்னானே என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, பாவம் குளிரும் என்று அணைக்காமல் விட்டுவிட்டார். உண்மையாகவே பாசத்தில் செய்தது அது.

மகனிடம் சொல்லவில்லை. "லைட் எரியுதாய்யா?" என்று அவன் கேட்டான். "எரியுது" என்றார். எரிந்துகொண்டுதானே இருந்தது. போனில் மஞ்சளும் தெரியவில்லை, ஊதாவும் தெரியவில்லை.

மாசியில் பழம் சிவந்து, ஊரே களத்துக்கு இறங்கிய சமயத்தில் துரை சாப்பிடுவதை நிறுத்தினார். முருங்கைக்கீரை போட்டால் மிதந்தது. மண்புழு தோண்டிப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்லில் ஏறக் காலை ஊன்றினால் கால் வழுக்கியது. கண் இரண்டும் வீங்கியது மாதிரி இருந்தது. ஒரு நாள் தொட்டித் தண்ணீர் மாற்ற ஆமையை எடுத்தபோது, கட்டைவிரல் ஓட்டில் அழுந்தியது. ஓடு அமுங்கிக் கொடுத்தது.

இருளாண்டி விரலை எடுத்துவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தார். அழுகல் பழத்தைத் தொட்டது போல இருந்தது. மிளகாய்க் காடு வெள்ளத்தில் மூழ்கியபோதுகூட இந்த மனிதர் இப்படித் தளர்ந்து உட்கார்ந்ததில்லை. ஆமை செத்தால் சாகட்டும், ஆமைக்கு என்ன பஞ்சம் என்று வேறு யாராவது சொல்லலாம். இந்த ஆமை செத்தால் நாளைக்கு மகன் எதற்குக் கூப்பிடுவான்? கூப்பிட்டாலும் அம்மாவைக் கூப்பிடுவான். தன்னிடம் கேட்க அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை, தானும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதுதான் அவரை அடித்தது.

அன்றைக்கு மகன் கூப்பிட்டபோது, நாலு தடவை அடித்த பிறகும் போனை எடுக்கவில்லை. பூமயில் போனில் அடித்தது. கொட்டகைக்குள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா களத்துல இருக்காருய்யா" என்று சமாளித்தாள் பூமயில். பிறகு, "என்னடா, முழங்காலையே தேச்சுக்கிட்டு இருக்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, வலி. முதுகும் வலிக்குது. இங்கன எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு."

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். புருஷன் மடியில் ஆமையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். திட்டத்தான் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

"செத்துப்போச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் உக்காந்திருக்கீக? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் துரையை வைத்து, மூடியில் ஓட்டை போட்டு, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பரமக்குடியில் இறங்கி ராமநாதபுரம் பஸ். பக்கத்தில் உட்கார்ந்த ஆள் வாளியில் என்ன, நண்டா என்று கேட்டான். ஆமாம் நண்டுதான் என்றார். ஆமை என்று சொல்லியிருந்தால் அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பான், அல்லது இவரை இறக்கியிருப்பான்.

டாக்டர் சூஃபியா ராமநாதபுரத்தில் நாய், பூனை, கிளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். வலையில் அடிபட்டுக் கடலாமை கரை ஒதுங்கினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருளாண்டி வாளியைத் திறந்ததும் அவர் சிரிக்கவில்லை, பயப்படவில்லை. ஆமையைப் புரட்டிப் பார்த்தார், ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார், காலை நீட்டிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன லைட்டுங்கய்யா போட்டிருக்கீங்க?"

இருளாண்டி குண்டு பல்பைப் பற்றிச் சொன்னார். கோழிக்குஞ்சைப் பற்றியும் சொன்னார். ராவும் பகலும் அணைத்ததே இல்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "கோழிக்குஞ்சுக்குச் சூடு போதும். இதுக்குச் சூடு மட்டும் போதாது. வெயில்ல நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கு, யூவின்னு சொல்லுவோம். அது உடம்புல பட்டாத்தான் தின்ன சாப்பாட்டுல இருக்கிற சுண்ணாம்புச் சத்து எலும்புல சேரும், ஓட்டுல சேரும். உங்க மகன் வச்ச விளக்கு அந்தக் கதிரைக் கொடுக்கிற விளக்கு. குண்டு பல்புல அது இல்ல. அதனால ஓடு இளகிப்போச்சு. ராத்திரியும் வெளிச்சம் போட்டா அது தூங்கவும் முடியாது."

"ஜன்னல் பக்கம் வைக்கட்டுமா? கண்ணாடி வழியா வெயில் வருமே."

"சூடு வரும், அந்தக் கதிர் வராது. கண்ணாடி தடுத்துடும். பிளாஸ்டிக்கும் அப்படித்தான். இடையில எதுவும் இல்லாம நேரா மேல படணும்."

இருளாண்டி ஆமையின் ஓட்டைத் தடவினார். பிறகு, "வெளுத்த வத்தல் மாதிரி" என்றார். டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

"பொழைக்குமாம்மா?"

"கஷ்டம்தான். இன்னும் சாகலைல்ல, பாப்போம். விளக்குக்கு நான் சொல்லிவிடுறேன், வர கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்கு என்ன, வெயிலுக்கா பஞ்சம்? காலையிலயும் சாயங்காலமும் வெயில்ல வைங்க. உச்சி வெயில் வேணாம், வெந்துடும். எப்ப வச்சாலும் தொட்டியில பாதிக்கு நிழல் இருக்கணும். வெயில் வேணும்னா வெயிலுக்கு வரும், போதும்னா நிழலுக்குப் போகும். அதை அதுதான் முடிவு பண்ணணும், நீங்க பண்ணக்கூடாது."

சொட்டு மருந்து கொடுத்தார். தண்ணீரில் மிதக்கவிட ஒரு கணவாய் மீன் ஓடும் கொடுத்தார். காரங்காட்டுக் கடற்கரையில் பொறுக்கியதாம். கடிக்கக் கடிக்கச் சுண்ணாம்புச் சத்து சேரும் என்றார். "கண்மாயில மட்டும் விட்டுடாதீங்க. இது நம்ம நாட்டு ஆமை இல்ல. நம்ம ஆமைக்கு ஆகாது" என்றும் சொன்னார். வாளியை மூடும்போது, பேச்சோடு பேச்சாக, "மனுஷங்களுக்கும் இதே கதைதான்யா. வெயிலே படாம வேலை பாக்கிறவங்க எத்தனை பேர் முதுகு வலி, முழங்கால் வலின்னு வர்றாங்க தெரியுமா? என் தங்கச்சி மனுஷ டாக்டர், அவ சொல்லுவா" என்றார். இருளாண்டி அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ, அப்போது ஆமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. வீட்டு முற்றத்தில் பக்கத்து வீட்டு மாடி நிழல். கொல்லையில் கருவேல மரம். அந்தத் தெருவில் காலையிலும் சாயங்காலமும் மறைப்பில்லாமல் வெயில் விழுகிற ஒரே இடம் களம். பொதுக் களம். மாசி மாதத்தில் ஊர் ஆண், பெண் அத்தனையும் அங்கேதான் கிடக்கும். அங்கே ஆமையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, பாதித் தொட்டிக்கு நிழல் வேண்டும். நிழலுக்காக மகனை விரட்டிய அதே களத்தில், ஆமைக்கு நிழல் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

ஒரு நாள் போக்கினார். ஆமை காலை நீட்டவே இல்லை. மறுநாள் விடிந்ததும் துணி துவைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, ஒரு கல் வைத்து, துரையை உட்கார்த்திக்கொண்டு களத்துக்கு நடந்தார். கக்கத்தில் குடை.

தன் வத்தலுக்கு ஓரத்தில் டப்பாவை வைத்தார். குடையை விரித்து, பாதி டப்பாவுக்கு நிழல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். களத்தில் பேச்சு நின்றுபோனது. முதலில் எல்லோரும் குடையைப் பார்த்தார்கள். பிறகு டப்பாவைப் பார்த்தார்கள்.

பக்கத்து வத்தல் ராக்குவுடையது. வாயாடி, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். எட்டிப் பார்த்தவள் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். "அண்ணே, என்னண்ணே இது கூத்து? களத்துக்கு ஆமையைக் கொண்டாந்திருக்கீக? அதுக்குக் குடை வேற. வத்தல் வெல விழுந்தா யாரு பொறுப்பு?"

"எனக்குத் தெரியாது" என்றார் இருளாண்டி. வேறு நாளாக இருந்தால் அவள் வாயை அடைத்திருப்பார். அன்றைக்குக் குனிந்த தலை நிமிரவில்லை.

ராக்கு தன் வத்தலை வாரித் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அவளைப் பார்த்து அடுத்தவர்கள். கொஞ்ச நேரத்தில் இருளாண்டியின் வத்தலைச் சுற்றி வெறும் தரை கிடந்தது. ஊர்ப் பெரியவர் சேதுபதி தூரத்திலிருந்தே, "ஏப்பா இருளாண்டி, பெத்த புள்ளைக்கு இல்லாத நெழலு, ஆமைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். குத்த வேண்டும் என்று கேட்டாரோ, சும்மா கேட்டாரோ. குத்தியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, மிளகாய்க் காரம் என்று துடைத்துக்கொண்டார். குடையை மட்டும் அவர் மடக்கவில்லை.

மூன்று நாள் இப்படியே போனது. சாயங்காலங்களில் பூமயில்தான் மகனோடு பேசினாள். அய்யாவுக்குக் காய்ச்சல் என்றாள், களத்தில் வேலை என்றாள். பொய் சொல்லி அலுத்துப்போய், நாலாம் நாள் காலையில் புருஷனுக்கு நீராகாரம் எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். அதுவரை அவள் ஆமை இருக்கும் பக்கம் திரும்பியதுகூட இல்லை. வெறும் தரைக்கு நடுவில் குடையோடு உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்தாள். கை மரத்துப்போய்க் குடை ஆடிக்கொண்டிருந்தது.

ராக்கு ஆரம்பித்தாள். "மதினி, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

"என்ன சொல்லணும்?" என்றாள் பூமயில். "அது எம்மகன் குடுத்துட்டுப் போனது. ஆமை வந்து கெட்ட குடும்பம்னா எங்க குடும்பந்தான் கெடணும், ஒனக்கென்ன? ஒன் வத்தல் இங்கன இருந்தப்பவும் அதே வெலதான், அங்கன போனப்பவும் அதே வெலதான். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு." சொல்லிவிட்டுப் புருஷன் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள். "குடிங்க. நான் புடிக்கிறேன்."

இருளாண்டி நீராகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவளோடு குடித்தனம் நடத்திய இத்தனை வருஷத்தில் அவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஆனால் அவள் உட்கார ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

சாயங்கால வெயிலில் துரை முதல் முறையாகக் கழுத்தை நீட்டினார். காலை ஊன்றி, வழுக்கி, மறுபடி ஊன்றி, கல்லின் நிழல் பக்கத்திலிருந்து வெயில் பக்கத்துக்கு நகர்ந்தார். பின்னங்கால் இரண்டையும் நீட்டிப்போட்டுக்கொண்டு, வேலை முடிந்து சாய்ந்துகொள்கிற ஆள் மாதிரி படுத்தார். ராக்கு மெல்ல நெருங்கி வந்து பார்த்தாள். "ஆத்தி, துரை என்ன சொகமாப் படுத்துக்கிட்டாரு பாரு" என்றாள். அவளுக்கும் அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது.

பங்குனி பாதியில் விளக்கு வந்தது. கொட்டகையில் மாட்டி, பகலில் போட்டு ராத்திரியில் அணைத்தார். காலை வெயிலையும் விடவில்லை. மகன் போனை மட்டும் அவர் எடுக்கவில்லை, பூமயில்தான் சமாளித்தாள். கணவாய் ஓட்டில் பல் இல்லாத வாயின் கடித்தடம் விழுந்தது. தினமும் கட்டைவிரலால் ஓட்டைத் தொட்டுப் பார்ப்பார், அமுக்க மாட்டார், பயம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், களத்தில், தைரியமாக அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் இளக்கம், நடுவில் நல்ல கெட்டி.

மகனுக்கு அன்றைக்கு விடுமுறை. சாயங்காலம் வரைக்கும் பொறுக்கவில்லை அவருக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே கூப்பிட்டார்.

பிரபாகரன் பதறிப்போய் எடுத்தான். "என்னய்யா? அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லலே. துரையைப் பாக்கச் சொல்லித்தான் கூப்பிட்டேன்." போனைத் திருப்பிக் காட்டினார். அவன் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார். பிறகு முகத்துக்கு நேரே கொண்டுவந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், எல்லாவற்றையும் கொட்டினார். விளக்கு போனது, குண்டு பல்பு, அமுங்கிய ஓடு, டாக்டரம்மா, குடை. "எரியுதுன்னு ஒனக்குப் பொய் சொன்னேன். செத்துருந்தா நான்தான்லே கொன்னுருப்பேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லய்யா."

"சொன்னா நீ கூப்பிடாம இருந்துருவியோன்னு பயந்துட்டேன்."

 இருளாண்டி திரையைப் பார்த்தார். மகன் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. இங்கே வெயில் சுள்ளென்று ஏறிக்கொண்டிருந்த காலை நேரம் அது. வாளியை மூடும்போது டாக்டரம்மா சொன்ன வார்த்தை இப்போதுதான் காதுக்குள் விழுந்தது.

"பகல்லயும் ஏன்லே லைட்டைப் போட்டிருக்க?"

"ரூம்ல ஜன்னல் கெடையாதுய்யா."

"வேல பாக்குற எடத்துல?"

"அது குடோனு. விடியமுன்ன உள்ள போனா இருட்டுனப்பறம் வெளிய வாரேன். லீவுன்னா தூங்குறோம்."

"அப்ப ஒனக்கு எப்பலே வெயில் படுது?"

பிரபாகரன் சிரித்தான், சிரிப்பு மாதிரி இல்லை. "வெயிலுக்குப் பயந்த பயன்னு நீங்கதானய்யா சொன்னீக."

"சொன்னேன். நான் சொன்னது தப்புலே."  களத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை. "பாதி நெழல் வேணுமாம்லே. எந்த உசுருக்கும். வெயில் வேணுங்குறப்ப வெயிலு, போதும்னா நெழலு. டாக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வந்துரு. இங்கன வெயிலு சும்மாதான் கெடக்கு."

பிரபாகரன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். கையை எடுத்துவிட்டு, "நெழலு?" என்றான்.

"அதை நான் பாத்துக்கிறேன்."

சித்திரையில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஒரு நாள் இருளாண்டி நாலு கம்பும் பத்து தென்னங்கீற்றும் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தார். தன் வத்தல் காயும் இடத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, கடப்பாறையால் குழி போட ஆரம்பித்தார். அந்தக் களம் உண்டான நாளிலிருந்து யாரும் அங்கே குழி போட்டதில்லை. வத்தல் கிண்டிக்கொண்டிருந்த ராக்கு நிமிர்ந்து பார்த்தாள்.

"துரைக்கா அண்ணே பந்தலு?"

"இல்ல" என்றார் இருளாண்டி, கம்பை நட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டே. "எம்மகனுக்கு."

 அந்த நிழல் விழப்போகிற பக்கம் ராக்குவின் வத்தலும் கொஞ்சம் கிடந்தது. அதை வாரித் தள்ளிப் போட்டுக்கொண்டு, கீற்றைத் தூக்கிக் கொடுக்க வந்தாள்.